முதலில் தேதி, பிறகு டப்பா: ஜெர்மன் டாங்கி மாடலுக்கு நிறம் தேர்ந்தெடுப்பது

பான்சர் 4 டாங்கிக்கு என்ன நிறம் என்று கேட்டால் பதில் கிடையாது. 1942 கோடையில் தெற்கு ரஷ்யாவில் ஓடிய புது பான்சர் 4-க்கு என்ன நிறம் என்று கேட்டால் பதில் உண்டு: அடர்சாம்பல், ரால் 7021 (ரால் என்பது ஜெர்மன் நிறத் தரம், பக்கத்தில் இருப்பது அதன் நிற எண்). அதே வகை டாங்கி 1943 ஜூலையில் கூர்ஸ்க்கில் நின்றால் பதில் வேறு. அந்த ஆண்டு பிப்ரவரியில் துனீசியாவில் நின்றிருந்தால் அது மூன்றாவது பதில். இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் வண்டிகளுக்கு நிறத்தை முடிவு செய்தது ராணுவத் தலைமையின் எழுத்து மூலமான உத்தரவு. உத்தரவுக்குத் தேதி உண்டு, அது எந்தப் போர்முனைக்கு என்பதும் உண்டு. ஆகவே பெயிண்ட் கடைக்குப் போகும் முன்பே ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்: என்ன வண்டி, எந்த மாதம் தயாரானது, எந்த மாதம் எங்கே நின்றது. இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் நிறத் தேர்வில் முக்கால்வாசி முடிந்தது.

கிட் (ஒட்டிக் கட்டும் மாடல்) பெட்டிக்குள் வரும் நிறக் குறிப்புத் தாளை மட்டும் நம்புவது இங்கேதான் சிக்கலாகிறது. அந்தத் தாள் அந்தந்தக் கம்பெனி விற்கும் பெயிண்ட் வரிசைக்குள் அடங்கிய பதிலைத்தான் தரும். பல பழைய கிட்களில் 1939 போலந்துக்கும் 1941 ரஷ்யாவுக்கும் ஒரே சாம்பல்தான் போட்டிருக்கும். அது தவறு.

யாரும் அடிக்காத பழுப்பு

1937 ஜூலையில் வந்த உத்தரவு இரண்டு நிறங்களைச் சொன்னது. அடிநிறம் அடர்சாம்பல் எண் 46. அதன்மேல் அடர்பழுப்பு எண் 45 திட்டுத் திட்டாக. பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு சாம்பல், ஒரு பங்கு பழுப்பு. பின்னால் எண்கள் நான்கு இலக்கமானபோது சாம்பல் 7021 ஆனது, பழுப்பு 7017 ஆனது. 1940 ஜூலை 31 அன்று, பெயிண்டைச் சிக்கனப்படுத்துவதற்காக, இனி அடர்சாம்பல் ஒன்றே போதும் என்றார்கள். அப்படியானால் 1939 செப்டம்பரில் போலந்துக்குள் போன வண்டிகளும் 1940 மே மாதம் பிரான்சுக்குள் போன வண்டிகளும் சாம்பல்-பழுப்பு இரட்டை நிறத்தில் இருந்தவை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பல பத்தாண்டுகள் மாடல் கட்டுபவர்கள் இதைத் தவறவிட்டதற்குக் காரணம் கருப்பு வெள்ளைப் படங்கள். 7021-உம் 7017-உம் வெளிச்ச அளவில் ஏறக்குறைய ஒன்று. படத்தில் இரண்டும் ஒரே கரும்சாம்பலாக விழுந்துவிடும். போதாக்குறைக்கு மேலே தூசி. உத்தரவுகள் ஆவணக் காப்பகங்களிலிருந்து வெளிவந்த பிறகுதான், பழைய படங்களில் மெல்லிய திட்டுகள் தெரிவதைப் பலர் கவனித்தார்கள். வண்டியின் பக்கச் சுவரில் வெயில் நேராக விழும் படங்களிலும், கழுவி நிறுத்திய வண்டிகளின் படங்களிலும் இந்தத் திட்டு நன்றாகத் தெரியும்.

மாடலில் இதை அடிக்கும்போது பழுப்பைச் சாக்லேட் நிறத்துக்குக் கொண்டுபோய்விடக் கூடாது. இரண்டு அடி தள்ளி நின்று பார்த்தால் சாம்பல் வண்டி என்று தோன்ற வேண்டும். கையில் எடுத்தால் பழுப்பு தெரிய வேண்டும். சரிபார்க்க எளிய வழி, மாடலைச் செல்போனில் படமெடுத்து கருப்பு வெள்ளையாக மாற்றிப் பார்ப்பது. திட்டுகள் அநேகமாக மறைந்துவிட்டால் கலவை சரி. பளிச்சென்று நின்றால் பழுப்பில் இன்னும் கருப்பு சேர்க்க வேண்டும்.

1940 உத்தரவு வந்த மறுநாளே எல்லா வண்டியும் மாறிவிடவில்லை. 1941 ஜூனில் ரஷ்யாவுக்குள் நுழைந்த புது வண்டிக்கு வெறும் சாம்பல். போலந்து பார்த்த பழைய வண்டிக்கு அடியில் பழுப்பு மிச்சமிருக்க நியாயம் உண்டு.

ஆப்பிரிக்கா: அடியில் என்ன இருக்கிறது என்பதே கேள்வி

ஜெர்மனியின் 5-ஆம் பான்சர் ரெஜிமென்ட் லிபியாவின் திரிபோலி துறைமுகத்தில் இறங்கியது 1941 மார்ச் மாதத்தின் முதல் பாதியில். ஆப்பிரிக்காவுக்கான நிற உத்தரவு வந்தது மார்ச் 17-இல். ஆக, திரிபோலித் தெருவில் அணிவகுத்த டாங்கிகள் ஐரோப்பிய அடர்சாம்பலில்தான் போயின. உத்தரவு சொன்ன நிறங்கள் மஞ்சள்பழுப்பு ரால் 8000, அதன்மேல் மூன்றில் ஒரு பங்கு சாம்பல்பச்சை ரால் 7008. ஓராண்டு கழித்து, 1942 மார்ச் 25-இல், இவை இரண்டும் மாறின: பழுப்பு ரால் 8020, சாம்பல் ரால் 7027. முதல் ஜோடியில் அடிநிறத்தில் பச்சைச் சாயல் இருக்கும். இரண்டாவது ஜோடியின் அடிநிறம் வெளிறிய மணல் பக்கம் சாயும். டமியா என்ற ஜப்பானிய மாடல் கம்பெனியின் அக்ரிலிக் பெயிண்டில் எக்ஸ்எஃப்-92 முதல் ஜோடியின் அடிநிறத்துக்கு, எக்ஸ்எஃப்-93 இரண்டாவதன் அடிநிறத்துக்கு என்றே தனித்தனியாக வந்திருக்கின்றன. முன்பு எல்லோரும் எக்ஸ்எஃப்-59 பாலைவன மஞ்சளையே இரண்டுக்கும் அடித்துக்கொண்டிருந்தோம். இப்போது அதற்குத் தேவையில்லை.

இந்தத் தேதிக் கணக்கு, பெயிண்ட் உரிந்த இடத்தில் என்ன நிறம் காட்ட வேண்டும் என்பதையும் முடிவு செய்கிறது. சாம்பலில் வந்திறங்கி அங்கேயே மணல் நிறம் பூசப்பட்ட 1941 பான்சர் 3-இல் மேல்பூச்சு உரிந்தால் சாம்பல்தான் தெரியும். தொழிற்சாலையிலேயே பாலைவன நிறம் அடித்து அனுப்பிய 1942 வண்டியில் உரிந்தால் செம்பழுப்பு பிரைமர் (உலோகத்தின் மேல் முதலில் அடிக்கும் அடிப்பூச்சு), ரால் 8012 தெரியும். ஆப்பிரிக்க வண்டி என்றால் சாம்பல் கீறல் என்று கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் போடுவதை இன்றும் நிறையப் பார்க்கிறோம்.

உரிதலுக்கு ஹேர்ஸ்ப்ரே முறைதான் நல்லது. சாம்பல் அடித்து ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். அதன்மேல் ஹேர்ஸ்ப்ரே இரண்டு மெல்லிய பூச்சு, அரை மணி நேரம் காயவிடுங்கள். பிறகு மணல் நிறம். இந்த மணல் நிறத்தை டமியாவின் எக்ஸ்-20ஏ தின்னரில் (பெயிண்டை நீர்க்கவைக்கும் திரவம்) மட்டும் கலக்க வேண்டும். லாக்கர் தின்னரில் கலந்தால் பூச்சு கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் உள்ளே இறங்காது, எவ்வளவு தேய்த்தாலும் உரியாது. மணல் நிறம் அடித்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் ஈரத் தூரிகையால் தொட்டு நனைத்து, குட்டையாக வெட்டிய முடி உள்ள தூரிகையால் ஒற்றி எடுங்கள். கணக்கை மறக்க வேண்டாம்: 1:35 அளவில் 5 மில்லிமீட்டர் உரிதல் என்பது நிஜத்தில் பதினேழரை சென்டிமீட்டர். வீரர்கள் ஏறி இறங்கும் இடம், கதவு விளிம்பு, கருவிகள் மாட்டும் கொக்கி, இவ்வளவுதான் இடங்கள்.

மஞ்சளுக்கு மாறிய மாதம்

1943 பிப்ரவரி 18 உத்தரவுதான் மாடல் உலகில் அதிகம் பேசப்படுவது. எல்லாப் போர்முனைக்கும் அடிநிறம் அடர்மஞ்சள், பின்னால் ரால் 7028 என்று எண் பெற்றது. அதன்மேல் உருமறைப்புக்கு ஆலிவ்பச்சை ரால் 6003, செம்பழுப்பு ரால் 8017. அடிநிறத்தைத் தொழிற்சாலை அடித்துவிடும். மற்ற இரண்டும் கெட்டியான பசையாக 2 கிலோ, 20 கிலோ டப்பாக்களில் படைப்பிரிவுக்குப் போகும். அங்கே பெட்ரோலிலோ தண்ணீரிலோ கரைத்துத் தாங்களே அடித்துக்கொள்ள வேண்டும்.

மாடலில் செய்ய வேண்டிய பல முடிவுகளுக்கு இந்தக் கடைசி வரியில் பதில் இருக்கிறது. உருமறைப்பு வடிவம் படைப்பிரிவுக்குப் படைப்பிரிவு வேறுபட்டது ஏன்? அடித்தவர்கள் வேறு. ஒரே வண்டியில் பச்சை ஓரிடத்தில் அடர்த்தியாகவும் ஓரிடத்தில் மஞ்சள் தெரியும் அளவுக்கு மெல்லிசாகவும் இருப்பது ஏன்? கரைத்த விகிதம் வேறு. தண்ணீரில் கரைத்தது மழையில் ஓடிவிடும், பெட்ரோலில் கரைத்தது நிற்கும். ஆகவே 8017-ஐ மாடலில் அடிக்கும்போது டப்பாவில் இருக்கும் அதே அழுத்தத்தில் வர வேண்டிய அவசியமே இல்லை. மஞ்சளின் மேல் மெல்லிசாக விழுந்த செம்பழுப்பு, செங்கல் பக்கம் சாயும்; அது பிழையல்ல.

எந்த மாதத்து வண்டி என்பதை மாடலின் பாகங்களே சொல்லும். பான்சர் 4 ஜி வகையை எடுத்துக்கொள்ளுங்கள். 1942 மே முதல் 1943 ஜூன் வரை தயாரானது. நிற மாற்றம் அதன் நடுவில் விழுகிறது. பீரங்கிக் குழல் முனையில் உருண்டையான ஒற்றை அறை மூக்கு இருந்தால் அது 1942 தயாரிப்பு, தொழிற்சாலை நிறம் சாம்பல். நீண்ட எல்48 குழலும் (நீளம் குழல் விட்டத்தைப் போல் 48 மடங்கு) பக்கத் தகடுகளும் சேர்ந்து வந்தால் 1943 வசந்தத்துக்குப் பிந்தையது, தொழிற்சாலை நிறம் மஞ்சள். சிம்மெரிட் (காந்தக் கண்ணிவெடி ஒட்டாமலிருக்கப் பூசியது) பசைப் பூச்சு இருந்தால் 1943 செப்டம்பருக்கும் 1944 செப்டம்பருக்கும் இடையில் தொழிற்சாலையை விட்டு வந்த வண்டி. அதற்கு முழுச் சாம்பல் அடிக்கக் காரணமே இல்லை. பெட்டியின் மேல் ஓவியம் என்ன சொன்னாலும், கையில் இருக்கும் பிளாஸ்டிக் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

1943 வசந்தத்தில் ஏற்கெனவே போர்முனையில் இருந்த சாம்பல் வண்டிகள் தனிக் கதை. சிலவற்றுக்கு முழுக்க மஞ்சள் பூசினார்கள். சிலவற்றில் சாம்பலின் மேலேயே மஞ்சள் பட்டைகள் ஓடின. இப்படி ஒன்றைக் கட்ட வேண்டுமென்றால் அந்தக் குறிப்பிட்ட வண்டியின் படம் கையில் இருக்க வேண்டும்.

1944 ஆகஸ்டில் உருமறைப்பையும் தொழிற்சாலையே அடிக்க வேண்டும் என்று உத்தரவானது. விளிம்புகள் கூர்மையாகின்றன, சில வண்டிகளில் மரநிழலில் விழும் வெயில் புள்ளிகளைக் காட்ட எதிர் நிறத்தில் சிறு பொட்டுகள் வைத்தார்கள். அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் மஞ்சளைச் சிக்கனமாக்கினார்கள். செம்பழுப்பு பிரைமரையே உருமறைப்பின் ஒரு பகுதியாக விட்ட வண்டிகள் வந்தன, பிறகு அடிநிறமே பச்சைக்கு மாறியது.

எண்ணும் டப்பாவும்

ரால் என்பது 1920-களில் ஜெர்மனியில் உருவான நிறத் தரம். 1927-இல் 40 நிறங்களோடு தொடங்கியது. இன்று கடையில் கிடைக்கும் ரால் நிற அட்டையில் 7021 இருக்கிறது, 6003 இருக்கிறது, 8017 இருக்கிறது. 7028 இல்லை, போருக்குப் பின் அதை எடுத்துவிட்டார்கள். எனவே அடர்மஞ்சளுக்கு மட்டும் இன்றைய அட்டையை வைத்து ஒத்துப்பார்க்க வழியில்லை. ஒரு துப்பு உண்டு: அதன் எண் 7-இல் தொடங்குகிறது. ரால் வரிசையில் 1 மஞ்சள்களுக்கு, 7 சாம்பல்களுக்கு. அதாவது அடர்மஞ்சளைச் சாம்பல் குடும்பத்தில் வைத்தார்கள். பச்சைச் சாயல் கலந்த மங்கிய காக்கி என்று நினைத்துக்கொண்டு கலந்தால் பக்கத்தில் வந்துவிடலாம். கடுகு மஞ்சளோ ஆரஞ்சு மஞ்சளோ வந்துவிட்டால் தவறிவிட்டோம்.

அட்டையோடு ஒத்துப்பார்க்கும்போது இரண்டு விஷயம் கண்ணை ஏமாற்றும். ஒன்று பளபளப்பு. பளபளக்கும் அட்டை நிறம் அடர்த்தியாகத் தெரியும், மேட் பெயிண்ட் வெளிறித் தெரியும். மாடலின் ஒரு மூலையில் பளபள வார்னிஷ் தொட்டு வைத்து அதை அட்டையோடு ஒப்பிடுங்கள். இன்னொன்று விளக்கு. வீட்டு மஞ்சள் பல்பின் கீழ் 7021 பழுப்பாகும், நீல வெளிச்சத்தில் கப்பற்படைச் சாம்பலாகும். 5000 முதல் 6500 கெல்வின் வரையிலான, நிறக் காட்டுத்திறன் 90-க்கு மேலான எல்.இ.டி ஒன்றை வேலை மேசைக்கென்று வாங்கிக்கொள்வது, இன்னும் ஐந்து பெயிண்ட் டப்பா வாங்குவதைவிடப் பயனுள்ள செலவு.

வண்ணப் படங்களை வைத்து நிறம் எடுக்க நினைப்பவர்களுக்கு: போர்க்கால அக்ஃபா ஃபிலிமின் சாயங்கள் எண்பது ஆண்டுகளில் மங்கியிருக்கின்றன, அச்சிலும் ஸ்கேனிலும் மேலும் மாறியிருக்கின்றன. அவற்றிலிருந்து எடுக்கக் கூடியது ஒப்பீடு மட்டும். வண்டி, பக்கத்தில் நிற்பவரின் சீருடையைவிட அடர்த்தியா, வெளிறியதா? சாம்பல் வண்டியின் மேல்தளம் நீலமாகத் தெரிந்தால் அது வானத்தின் நிறம். பக்கச் சுவரைப் பாருங்கள். அருங்காட்சியக வண்டிகளும் முழுச் சான்றல்ல. பலமுறை மறுபூச்சு கண்டவை அவை. வட ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் மட்டில்டா டாங்கிகளில் இருந்த கோணப்பட்டை உருமறைப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் நிறங்கள் வெளிர்மணல், வெள்ளிச் சாம்பல் எண் 28, சிலேட்டு எண் 34. எண் 28 பச்சைச் சாயல் கொண்ட சாம்பல். காட்சிக்கு வைத்த ஒரு வண்டியில் அந்த இடத்தில் வெளிர்நீலம் அடித்ததால், தலைமுறை தலைமுறையாக மாடல்களும் வெளிர்நீலமாயின.

அளவுக்கு ஏற்ற வெளிறல்

1:35 மாடலை 30 சென்டிமீட்டரில் வைத்துப் பார்ப்பது, நிஜ வண்டியைப் பத்தரை மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். 1:72 என்றால் இருபத்தொன்றரை மீட்டருக்கு மேல். தூரம் கூடினால் நிறம் வெளிறும், முரண் குறையும். 7021-ஐ அட்டையில் உள்ளபடியே 1:72 வண்டிக்கு அடித்தால் கருப்பாகத்தான் தெரியும். தகடு இணைப்புகள், ஆணிகள் எல்லாம் அதில் மூழ்கிவிடும்.

வெளிற வைக்க வெள்ளையை எடுப்பதுதான் வழக்கமான தவறு. வெள்ளை செம்பழுப்பை ரோஸ் ஆக்கும், பச்சையைப் புதினாத் துவையல் ஆக்கும். சாம்பலுக்கு நடுத்தரச் சாம்பல், பச்சைக்கு மஞ்சள், மஞ்சளுக்கும் செம்பழுப்புக்கும் பஃப் (வெளிர் மணல் நிறம்) என்று வையுங்கள். டமியாவில் ஆரம்ப விகிதம்: எக்ஸ்எஃப்-63 (ஜெர்மன் சாம்பல்) மூன்று பங்குக்கு எக்ஸ்எஃப்-53 (நடுத்தரச் சாம்பல்) ஒரு பங்கு, எக்ஸ்எஃப்-60 (அடர்மஞ்சள்) நான்கு பங்குக்கு எக்ஸ்எஃப்-57 (பஃப்) ஒரு பங்கு, எக்ஸ்எஃப்-64 (செம்பழுப்பு) ஐந்துக்கு எக்ஸ்எஃப்-57 ஒன்று. 1:72-க்கு சேர்க்கும் பங்கை இரட்டிப்பாக்கலாம்.

இதோடு பின்னால் வரப்போகும் வேலையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பழுப்பு வாஷ் (பள்ளங்களில் தேங்கவிடும் நீர்த்த பெயிண்ட்) எல்லா நிறத்தையும் ஒரு படி இருட்டாக்கும், பழுப்புப் பக்கம் இழுக்கும். எண்ணெய் ஃபில்டர் (முழுப் பரப்பிலும் பூசும் மிக மெல்லிய சாயம்) இன்னொரு படி. கடைசி மேட் வார்னிஷ் கொஞ்சம் வெளிற வைக்கும், தூசிப் பொடி இன்னும் வெளிற வைக்கும். அடிநிறம் அடித்த அன்றே சரியாக இருந்தால் முடிவில் இருட்டாகிவிடும். இதை ஊகிக்க வேண்டாம். ஆறு பிளாஸ்டிக் ஸ்பூன் எடுத்து மாடலுக்கு அடித்த அதே பிரைமரை அடியுங்கள். இரண்டு இரண்டாக மூன்று விகிதங்களில் அடிநிறம். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றை அப்படியே வைத்து, மற்றொன்றுக்கு வாஷ், ஃபில்டர், வார்னிஷ் எல்லாம் போட்டு முடியுங்கள். முடிந்த ஸ்பூன்களில் எது சரியோ அதன் விகிதத்தை எடுங்கள். ஸ்பூன் பிடியில் விகிதத்தையும் தேதியையும் எழுதி வைத்தால் அடுத்த வண்டிக்கும் உதவும்.

கலவையை முழு வண்டிக்கும் போதுமான அளவு ஒரே நேரத்தில் கலந்து பாட்டிலில் வையுங்கள். 1:35 நடுத்தர டாங்கி ஒன்றுக்கு, தின்னர் சேர்க்கும் முன் 10 மில்லி போதும். பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் அதே நிறம் வராது.

ஏர்பிரஷில் (காற்றழுத்தத்தால் பெயிண்டைத் தூவும் கருவி) அடிநிறத்துக்கு ஒரு பங்கு பெயிண்டுக்கு ஒரு பங்கு முதல் ஒன்றரைப் பங்கு தின்னர், 1 முதல் 1.3 பார் அழுத்தம். மழைக்காலத்தில் சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் லாக்கர் தின்னர் கலந்து அடித்தால் மேல்பரப்பில் வெண்புகை படியலாம். தின்னர் வேகமாக ஆவியாகி மேற்பரப்பு குளிர்வதால் காற்றின் ஈரம் அதன்மேல் படிவதே காரணம். தின்னரில் ரிடார்டர் (காய்வதைத் தாமதமாக்கும் திரவம்) சில துளி சேர்த்து அடியுங்கள், அல்லது வெயில் ஏறும்வரை காத்திருங்கள்.

உருமறைப்பு விளிம்புக்கும் கணக்கு உண்டு. ஸ்ப்ரே கன்னால் அடித்த விளிம்பில் ஒரு நிறம் மற்றொன்றில் கரையும் அகலம் நிஜத்தில் 7 சென்டிமீட்டர் என்று வைத்தால், 1:35-இல் 2 மில்லிமீட்டர். 0.2 மில்லிமீட்டர் ஊசி, ஒரு பங்கு பெயிண்டுக்கு இரண்டு முதல் மூன்று பங்கு தின்னர், 0.7 பார், பரப்பிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் தூரம் என்றால் இது வரும். பெயிண்ட் சிலந்திக் கால் போல் ஓடினால் தின்னர் அதிகம் அல்லது அழுத்தம் அதிகம். பொடிப்பொடியாக விழுந்தால் தின்னர் போதவில்லை. முதலில் வடிவத்தின் ஓரத்தைக் கோடாக வரைந்து பிறகு உள்ளே நிரப்புங்கள்.

உள்பக்கம் சுருக்கமாக: மூடிய டாங்கியின் சண்டை அறை யானைத் தந்த நிறம், ரால் 1001. எஞ்சின் அறை செம்பழுப்பு பிரைமர். மேலே திறந்த வண்டிகளுக்கு உள்ளும் வெளிநிறமே, ஏனென்றால் வானத்திலிருந்து பார்த்தால் யானைத் தந்த நிறம் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். சங்கிலித் தகடு பெயிண்ட் அடித்ததல்ல. ஓடும் வண்டியில் மண்ணும் தேய்ந்த எஃகும்தான் தெரியும், ஆரஞ்சுத் துரு வேண்டாம்.

குறிகளை எப்போது ஒட்டுவது என்பதும் நிறத்தின் தேதியைப் பொறுத்ததே. ஆப்பிரிக்காவில் சாம்பல் வண்டிக்கு மணல் நிறம் பூசியபோது பல குழுவினர் சிலுவைக் குறியையும் கோபுர எண்ணையும் மறைக்காமல் சுற்றி வளைத்துப் பூசினார்கள். எண்ணைச் சுற்றி ஒழுங்கற்ற சாம்பல் கட்டம் நின்றுவிட்டது. அப்படிப்பட்ட வண்டியைக் கட்டினால் டெக்கலை (குறிகள் அச்சிட்ட ஒட்டுப்படம்) சாம்பல் அடித்த கையோடு ஒட்டி, பளபள வார்னிஷால் மூடிக் காயவிட்டு, அதன்மேல் சற்றுப் பெரிதாக வெட்டிய மாஸ்கிங் டேப்பை வைத்து, பிறகே ஹேர்ஸ்ப்ரேயும் மணல் நிறமும். டேப்பின் ஓரத்தைக் கத்தரியால் நேராக வெட்டாமல் கையால் கிழித்து ஒட்டினால், தூரிகையால் சுற்றிப் பூசிய விளிம்பு கிடைக்கும்.